முகம் காட்டும் நாள்

நெதானியின் படகை ஒரு பகலுக்கு முழுசாகப் பேசிக்கொண்டு நுக்குவுலா மணல் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் புதுசாகக் கல்யாணமானவர்கள். அந்தத் தீவில் பத்துப் பதினைந்து தென்னையும் மணலும் தவிர ஒரு மண்ணும் கிடையாது. அதைப் பார்க்கத்தான் அத்தனை தூரத்திலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். அன்று காலை விடுதியின் மரப்பாலத்தில் நின்றவனையும் நெதானி அந்தக் கணக்கில்தான் சேர்த்தான். சிவந்த மூக்கும் பெரிய தொப்பியுமாக ஓர் ஆஸ்திரேலியன். ஆள் பெயரை விடுதிக்காரப் பெண் சொல்லியிருக்கவில்லை. அவனுக்குப் பின்னால், தூங்கி வழியும் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருத்தி இறங்கி வந்தாள். அவளைப் பார்த்ததும் நெதானி சட்டென்று எஞ்சின் பக்கம் குனிந்துகொண்டான். வந்தவள் அவன் தங்கை அசெனாதா; அந்த ஆஸ்திரேலியன், நெதானி இதுவரை நேரில் பார்த்திராத அவள் புருஷன் கிரெய்க்.

கோபத்தில் குனிந்தான் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் ஊரான நலோட்டுவில் வயசுக்கு வந்த அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. அது மரியாதை. சண்டை போட்டுக்கொள்ள வாய்ப்பே இல்லாததால் பாசமும் கெடாமல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பிரிஸ்பேனில் குடியேறி ஆறு வருஷம் ஆகியும் அசெனாதா அதை மறக்கவில்லை. நேராகப் படகின் முன்கோடிக்குப் போய், அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நல்லவேளையாகப் படகில் செக்கோவே இருந்தான். நெதானியோடு படகு ஓட்டுகிறவன். அண்ணன் தங்கை இருவருக்கும் அத்தை மகன். அத்தை மகனுக்கு அந்தத் தடையெல்லாம் இல்லை. யாரை வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம், பண்ணாவிட்டால்தான் குற்றம்.

"வெள்ளைக்காரன் வர்றான்னாங்க, நம்ம வீட்டுக் கோழியில்ல கூட வந்திருக்கு!" என்றான் செக்கோவே. "ஏன் மச்சினி, இத்தனை படகு இருக்கையில இந்தக் கஞ்சன் படகுதானா ஒனக்குக் கெடச்சுது?"

அசெனாதா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் படகுக்காரர்கிட்ட சொல்லுங்க மச்சான். பிள்ளை முகத்தை மொதல்ல கண்டவனெல்லாம் பாக்கறதுக்கு, தாய்மாமன் பாக்கட்டும்னுதான் வந்தேன்."

செக்கோவே திரும்பி, கையெட்டும் தூரத்தில் நின்ற நெதானியிடம் பவ்யமாகக் கேட்டான். "படகுக்காரரே, காதுல விழுந்துச்சா, இல்ல நான் ஒருதரம் சொல்லணுமா?"

"விழுந்துச்சு. வாயை மூடிட்டுக் கயித்தை அவுறு," என்றான் நெதானி.

குழந்தை மீலாவுக்கு நாலு வயசு. தாத்தா அவளை இன்னும் பார்த்ததில்லை. பார்க்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. முறைப்படிப் பார்ப்பேன் என்றுதான் சொன்னார். பெண்ணைக் கட்டிய வீட்டார் சொந்தபந்தத்தோடு, திமிங்கிலப் பல்லும், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யாங்கோனா வேரும் பாயுமாக வந்து பிள்ளையின் முகத்தைத் தாயின் ஊருக்குக் காட்ட வேண்டும். அதுவரை பிள்ளை ஊருக்குள் கால் வைக்காது. கிரெய்க்குக்கு ஏது சொந்தபந்தம்? குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். அப்பா இல்லை, அம்மா முதியோர் இல்லத்தில், கூடப்பிறந்த ஒருவன் எங்கோ சுரங்கத்தில்; அவனோடு பேச்சுவார்த்தையே கிடையாது. ஊர் சார்பில் அப்படி வருகிறவர்களை எதிர்கொண்டு பதில் பேசுகிறவர் வேறு யாருமில்லை, அசெனாதாவின் அப்பா மனோவாவேதான். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்து அவர் மகளை வீடியோவில் கூப்பிடுவார். அவள் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை பாடுவதைச் சுவரைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

மறுநாள் சாயங்காலம் அவர்களுக்கு விமானம். அதற்குள் அப்பா பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

"தீவு ஊர் இல்லையே மச்சான்," என்றாள், படகு வேகம் எடுத்ததும், அண்ணனுக்கும் கேட்கிற மாதிரி உரக்க. "அங்க அப்பா வந்தா, பிள்ளையை ஊருக்குள்ள கூட்டிட்டுப் போன மாதிரி ஆகாதே. படகுக்காரரை அப்பாகிட்டக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

நெதானி எஞ்சின் பிடியை முறுக்கினான். அப்பாவிடம் ஒன்றைக் கேட்பது எப்படிப்பட்ட காரியம் என்று அவனுக்குத்தான் தெரியும்.

தீவில் இறங்கியதும் மீலா முழுசாக விழித்துக்கொண்டாள். அவள் நெற்றி நெதானியின் செத்துப்போன அம்மாவின் நெற்றி. தாய்மாமனுக்குத் தடை ஏதாவது உண்டா என்று நெதானி யாரையும் கேட்கவில்லை. இல்லை என்று தானாகவே முடிவு செய்துகொண்டு ஆசை தீரப் பார்த்தான். குழந்தை அவன் தொப்பியைக் கை காட்டியது, கொடுத்தான். கறுப்புக் கண்ணாடியைக் காட்டியது, அதையும் கொடுத்தான். தங்கை பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்லும் தாய்மாமன் அந்தக் கடல் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

"இப்பிடியே போனா இடுப்புல கட்டியிருக்கிற சுலு வேட்டியும் போயிரும். கெட்டியாப் பிடிச்சுக்க மச்சான்," என்றான் செக்கோவே. முதுகைக் காட்டி நின்ற அசெனாதாவின் தோள் குலுங்கியது. கிரெய்க்குக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவனும் சேர்ந்து சிரித்து வைத்தான். நல்ல மனுஷன்.

மத்தியானச் சாப்பாடு ஊரிலிருந்துதான் வர வேண்டும். நெதானியின் மனைவி உனைசி மண்ணடுப்பில் மீனும் மரவள்ளியும் புதைத்து வைத்திருந்தாள். அதை எடுக்கப் போகிற சாக்கில் நெதானி அப்பா வீட்டுக்குப் போனான். மனோவா பாயில் உட்கார்ந்து தூண்டில் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. எல்லாரும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

"அப்பா, தீவு வரைக்கும் சும்மா ஒரு நடை வாங்களேன்."

"யாரு முன்னால வர்றா? பல்லு யாரு கையில இருக்கு?" என்று கேட்டார் மனோவா, தலை நிமிராமல்.

"பல்லும் இல்ல, ஆளும் இல்லப்பா. அந்த மனுஷனுக்கு யாருமே இல்ல."

"தோமாசியோட பேரன் முகம் காட்டாம ரெண்டு வருஷம் படகுத்துறையோட நின்னான். நிக்க வச்சது யாரு? நான். அவனைப் பெத்த ஆத்தா அழுதப்ப, இது வழக்கம்மா, நான் என்ன பண்ணட்டும்னு சொன்ன வாய் இது. இப்ப என் மகள்னதும் தீவுக்கு ஒளிஞ்சு போய்ப் பாத்துட்டு வரவா?"

"ஒளிஞ்செல்லாம் இல்லப்பா..."

"பின்ன, கொட்டு அடிச்சிட்டாப் போகச் சொல்ற?"

நெதானி வாசல் பக்கம் திரும்பினான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அதுதான் ஆத்திரமாக வந்தது. வாசலுக்குப் போனவனைக் கிழவர் கூப்பிட்டார்.

"நல்லா நடக்குறாளா?"

"ஓடுறாப்பா."

"யாரு சாயல்?" என்றவர் உடனே கையை உதறினார். "வேணாம், சொல்லாத. போ, சாப்பாடு ஆறிடும்."

சாப்பாட்டுக் கூடையோடு மட்டும் திரும்பிய படகைப் பார்த்ததும் அசெனாதாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் அழவில்லை. இலையைப் பிரித்து எல்லோருக்கும் மீனைப் பங்கிட்டாள். "கேட்டேன்னு சொல்லு," என்றான் நெதானி செக்கோவேயிடம். செக்கோவே தலையை மட்டும் ஆட்டினான், கிண்டல் பண்ண அவனுக்கே வாய் வரவில்லை. அண்ணனின் பங்கில் பெரிய துண்டாக வைத்து அவள் இலையை நகர்த்தியபோது, நெதானி கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒன்றுக்கும் ஆகாதவன் என்று அவன் அன்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வெயில் சாயத் தொடங்கியபோதுதான் அந்தச் சின்ன மரப்படகு முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது. கூப்பிடு தூரத்தில், பவளப்பாறை ஓரமாக, நங்கூரக் கல்லை இறக்கியது. அதில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவர் தீவுக்கு முதுகைக் காட்டித் தூண்டிலை வீசினார்.

"அங்க மீனே கெடையாதே," என்றான் நெதானி.

"ஒங்கப்பனுக்குத் தெரியாதாக்கும்," என்றான் செக்கோவே.

மீலா கரைக்கு ஓடிப்போய் அவரைப் பார்த்து 'ஹலோ!' என்று கத்தினாள். கிழவரின் முதுகு நிமிர்ந்தது. ஆனால் திரும்பவில்லை. அவரால் வர முடிந்த தூரம் அவ்வளவுதான். நாலு வருஷமாகக் கேட்ட குரலை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். அசெனாதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செக்கோவே எழுந்து நெதானியின் படகுக்குப் போனான். தீவுகளில் இறங்கும்போது மரியாதைக்குக் கொடுக்க எந்தப் படகிலும் யாங்கோனா வேர் ஒரு கட்டு இருக்கும். அதை எடுத்துக்கொண்டான்.

"டேய், அது எதுக்கு?" என்றான் நெதானி.

"ஒங்க ஊருப் பொண்ணு பெத்த பிள்ளை நான். ஒங்க ஊர்ல எதை எடுத்தாலும் ஏன்னு கேக்க முடியாது. கேப்பியா?"

"எடுத்துத் தொலை."

"எந்திரி தம்பி," என்றான் செக்கோவே கிரெய்க்கிடம், இங்கிலீஷில். "இன்னையிலேர்ந்து நீ எங்கப்பா வீட்டுப் பிள்ளை. என் கூடப்பிறந்தவன்."

"நான் என்ன செய்யணும்?"

"பேசாம, பிள்ளையத் தோள்ல தூக்கிட்டு எம் பின்னாடி வா."

இருவரும் கடலுக்குள் நடந்தார்கள். கிழவரின் படகுக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பெரியவரிடம் நின்றபடி பேசக் கூடாதே! செக்கோவே தண்ணீருக்குள் மண்டி போட்டான். தலையும், தூக்கிப் பிடித்த வேர்க்கட்டும் மட்டும் வெளியே தெரிந்தன. அவனைப் பார்த்துக் கிரெய்க்கும் மண்டி போட்டான். உப்புத் தண்ணீர் அவன் வாய்க்குள் போய்ப் போய் வந்தது. தோளில் இருந்த மீலா கெக்கெக்கே என்று சிரித்தாள்.

செக்கோவே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "நலோட்டு ஊராருக்கு வணக்கம்! பெருமைக்குரிய பெரியவங்களே, நாங்க ஒங்க வீட்டுப் பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்..."

"பொண்ணு கேக்கற பேச்சு அது," என்றார் மனோவா, தூண்டிலைப் பார்த்தபடியே. "பிள்ளை முகம் கொண்டு வர்றவன் மொதல்ல கடலுக்கு நன்றி சொல்லணும்."

"கடலுக்கு நன்றி. ஒங்க நெலத்துல நட்ட செடி..."

"நட்ட இல்ல. ஒங்க நெலத்துலேர்ந்து போன செடி. போய்க் காய்ச்சுது. அந்தக் காயைக் கொண்டு வந்திருக்கோம். அப்பிடிச் சொல்லு. எந்த மடையன்டா ஒனக்குப் பேசச் சொல்லிக் குடுத்தான்?"

"நீங்கதான் மாமா."

கரையில் நின்ற நெதானி நெற்றியில் அடித்துக்கொண்டான். செக்கோவே வேண்டுமென்றே உளறுகிறானா, நிஜமாகவே உளறுகிறானா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. நாற்பது வருஷமாக ஊருக்காகப் பேசியவரின் காதில் தப்பான பேச்சு விழுந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

செக்கோவே அடியடியாகச் சொன்னான்; கிழவர் அடியடியாகத் திருத்தினார். "இது என் தம்பி கிரெய்க். இவனுக்கு ஊரும் நாங்கதான், உறவும் நாங்கதான்," என்ற இடத்தில் மட்டும் கிழவர் திருத்தவில்லை. கொஞ்சம் பொறுத்து, "பல்லு எங்க?" என்று கேட்டார்.

செக்கோவேயின் தலை கொஞ்சம் தாழ்ந்தது. "பல்லு பின்னால வரும் மாமா. எங்கப்பா வீட்டுல இருக்கு."

கிழவர் கடலைப் பார்த்தார். தூண்டில் கயிறு அவர் விரலில் சும்மா கிடந்தது. தோமாசியின் பேரனை நினைத்திருப்பார், அந்த ஆத்தாவை நினைத்திருப்பார். இத்தோடு முடிந்தது என்று நெதானி நினைத்தான். அவனுக்குப் பக்கவாட்டில், அவனைப் பார்க்காமல், தங்கை மணலில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"'பின்னால வரும்'னு சொல்லக் கூடாது," என்றார் மனோவா. "'வழியில வந்துக்கிட்டிருக்கு'ன்னு சொல்லணும்."

"வழியில வந்துக்கிட்டிருக்கு மாமா!" என்று கத்தினான் செக்கோவே.

"வந்ததும் தோமாசி வீட்டுக்கு நானே போய், மன்னிச்சுக்கம்மான்னு சொல்லிட்டு வர்றேன். அப்புறந்தான் அதை வாங்குவேன். இப்ப வேரைக் கொடு."

முதுகைக் காட்டிக்கொண்டு எதையும் வாங்க முடியாது. மனோவா தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். வேரை இரண்டு கையாலும் வாங்கினார். இனி அவர் பதில் பேச வேண்டும். ஊரையும் நிலத்தையும் முன்னோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அரை மணி நேரம் கூடப் பேசுகிறவர். வாயைத் திறந்தார். கிரெய்க்கின் தோளில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அலை வந்து செக்கோவேயின் மூக்கில் அடித்தது.

"முகம் வந்து சேந்துருச்சு," என்றார் மனோவா. அவ்வளவுதான்.

பிறகு, ஏற்றுக்கொண்டோம் என்பதற்கு அடையாளமாகக் கைகளைக் குவித்துத் தட்டினார். கரையில் அசெனாதா தட்டினாள். அவளுக்கு எட்ட நின்று, வேறு பக்கம் பார்த்தபடி நெதானியும் தட்டினான். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. இது ஏதோ விளையாட்டு என்று மீலாவும் தட்டினாள்.

"கொண்டா இங்க, கிட்டத்துல காட்டு," என்று கிழவர் இரண்டு கையையும் நீட்டினார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவர் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது என்று நெதானிக்குத் தெரியும்.