வெல்லமில்லாத வீடு

பாவாயிக்குச் சொல்லிச் சொல்லி நர்சு ஆரோக்கியத்துக்கு வாய் வலித்துப் போயிருந்தது. சேலத்துக்காரி, பத்து டாக்டர்களின் எரிச்சலைப் பார்த்தவள், எளிதில் சலித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் நாமகிரிப்பேட்டைக்கு அப்பால், மஞ்சள் காட்டுக்கு நடுவே ஒற்றை வீட்டில் குடியிருந்த இந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் மட்டும், வாரந்தோறும் போய்ப் பார்த்துவருகிற அவள் பொறுமை ஒரு சனிக்கிழமைகூடத் தாக்குப்பிடித்ததில்லை.

புருஷன் நாச்சிமுத்துவுக்குச் சர்க்கரை வியாதி. மண்வெட்டி பட்ட கால் புண் ஆறவே இல்லை. "தினமும் இன்சுலின் ஊசி போடணும், இனிப்பு வாயில் படக்கூடாது, இல்லாவிட்டால் ஆள் தங்கமாட்டார்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இதை வீட்டுக்காரர்களுக்குப் புரியவைக்கிற வேலையை ஆரோக்கியத்தின் தலையில் கட்டிவிட்டு, அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். டாக்டர்களுக்கு எல்லாமே சுலபம்.

"கழுத்துல தாலி கட்டுனவரு ஒடம்புல ஊசியக் குத்தறதுங்களா? அந்தப் பாவம் எனக்கெதுக்குங்க நர்சம்மா?" என்று முதலில் அழுதாள் பாவாயி. கத்தரிக்காயைக் கையில் கொடுத்துக் குத்திப் பழக வைத்தாள் ஆரோக்கியம். ஊசியைக் கொதிக்க வைக்கவும், மருந்துப் புட்டியைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் வைக்கவும் சொல்லிக் கொடுத்தாள். ஒரு கூடைக் கத்தரிக்காய் வீணானதுதான் மிச்சம் என்று நினைத்தாள். ஆனால் பாவாயி கற்றுக்கொண்டுவிட்டாள். விடிந்ததும் விடியாததுமாகப் புருஷனைப் பிடித்து உட்கார வைத்துக் குத்துகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

இருந்தும் சிறுநீர்ச் சோதனை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்க வேண்டும். வாராவாரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தது.

"நீதான் பாசம் பொங்கிக் கொடுக்கறே!" என்று கத்துவாள் ஆரோக்கியம்.

"பெருமாள் மேல சத்தியமா இல்லீங்க" என்பாள் பாவாயி. நாச்சிமுத்து ஒன்றும் தெரியாதவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன சனிக்கிழமையும் அதே செங்கல். ஆரோக்கியத்துக்குத் தலைக்கேறிவிட்டது. "பாவாயக்கா, நல்லாக் கேட்டுக்க. இனிப்பு இவருக்கு விஷம். வீட்டுக்குள்ளே யாராவது விஷத்தை வச்சிருப்பாங்களா? எல்லாத்தையும் தூக்கி வெளியே போடு. வானமே இடிஞ்சு விழுந்தாலும் ஊசியை மட்டும் நிறுத்தாதே!" என்று கத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

இந்த வாரம் வந்தபோது வாசல் கழுவிக் கோலம் போட்டிருந்தது. புரட்டாசி மாதத்து முதல் சனிக்கிழமை. காட்டில் வேலை செய்கிற பண்ணையத்து ஆட்கள் எல்லாரும் மலைக்கோயிலுக்குப் போயிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் நாச்சிமுத்து சாய்ந்து கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கை வெடவெடவென்று நடுங்கியது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், ஆனால் யாரென்று தெரியவில்லை.

"காலையிலே என்ன சாப்பிட்டார்?"

"இன்னிக்கு ஒருசந்திங்களே. உச்சிப் பூச முடிஞ்சுதான் பச்சத் தண்ணியே பல்லுல படும்."

"ஊசி?"

"போட்டுட்டனுங்க!" என்றாள் பாவாயி. முகத்தில் அத்தனை பெருமை.

ஆரோக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. வெறும் வயிற்றில் மருந்து இறங்கி, இரத்தத்தில் இருந்த கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் துடைத்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் ஆள் போய்விடுவார். "சர்க்கரை கொண்டா! வெல்லம், கருப்பட்டி, எதுவானாலும் சரி. ஓடு!"

பாவாயி நகரவில்லை. "வெசம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"இப்ப அதுதான் மருந்து. கொண்டா!"

"எங்கீங்க போறது? வழிச்சு எடுத்துப் பண்ணையத்து ஆளுங்களுக்குக் குடுத்துட்டனுங்க. டப்பாவக்கூடக் கழுவிக் கவுத்துட்டேன். பெருமாளுக்கே இன்னிக்கு வெறும் பொங்கல்தானுங்க."

மாதக்கணக்காகப் பேச்சைக் கேட்காத வீடு, கேட்கக் கூடாத அன்றைக்குப் பார்த்துக் கேட்டுத் தொலைத்திருந்தது. ஆரோக்கியத்துக்குப் பாவாயியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆஸ்பத்திரி எட்டாத தொலைவு. வந்த பஸ்ஸும் போயாயிற்று.

திடீரென்று அந்தச் செங்கல் நிறம் நினைவுக்கு வந்தது. பாவாயி கொடுக்கவில்லை என்பது நிஜமானால், வேறு எங்கிருந்தோ இவர் வாய்க்குள் இனிப்பு போயிருக்கிறது.

"அக்கா, இவரு அடிக்கடி தனியா எங்கே போவாரு?"

"கட்டுத்தரைக்குங்க. காளையப் பாக்கறேன், காளையப் பாக்கறேன்னு..." பாவாயியின் வாய் பாதியில் நின்றது. மறுநொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடு கட்டுகிற கொட்டகைக்கு ஓடினாள்.

தவிட்டுப் பானைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவியவள், துணியில் சுற்றிய அச்சு வெல்லத்தோடு வந்தாள். முகமெல்லாம் தவிடு. ஆரோக்கியம் ஒரு துண்டைத் தண்ணீரில் குழைத்து, அவரைச் சாய்த்துப் பிடித்து, விரலால் கன்னத்தின் உள்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். "முழுங்குங்க, அண்ணே. முழுங்குங்க." பாவாயி கட்டிலின் காலைப் பற்றிக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டாள். ஆரோக்கியம் தன் மாதாவைக் கூப்பிட்டாள். தொண்டை அசைந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்துவின் கண் தெளிந்தது. நர்சைப் பார்த்தது, பெண்டாட்டியைப் பார்த்தது, அவள் கையில் இருந்த வெல்லத்தைப் பார்த்தது.

"அது காளைக்கு வெச்சதுங்க" என்றார்.

ஆரோக்கியத்துக்குச் சிரிப்பதா, இருக்கிற வெல்லத்தை அவர் மண்டையில் போடுவதா என்று தெரியவில்லை. "இனிமே ஊசி போட்டா உடனே சோறு போடணும். வயித்தைக் காயப்போடறதா இருந்தா என்னைக் கேக்காம ஊசி போடக்கூடாது. வேர்த்து நடுங்கினா ஒரு துண்டு வெல்லம். இதை உன் முந்தானையிலேயே முடிஞ்சு வச்சுக்க" என்றாள் பாவாயியிடம்.

பாவாயி வெல்லத்தை முடிந்து இடுப்பில் செருகினாள். தவிடு அப்பிய முகத்தில் கண்ணீர் கோடாக இறங்கியது. இத்தனை நாளும் ஆரோக்கியம் அவளிடம் காட்டிவந்த அதே எரிச்சல் இப்போது பாவாயியின் குரலில் இருந்தது.

"ஏனுங்க நர்சம்மா, குத்திப் பழகறதுக்கு ஒரு கூடைக் கத்திரிக்காய வீணாக்க வெச்சீங்களே. ஊசி போட்டா சோறு போடணும்ங்கற இந்த ஒரு பேச்ச அன்னிக்கே சொல்லியிருந்தா என்னுங்க?"