தலைச்சோலை பொன்னுவேல் மகள்

மே மாதத்தில் ஏற்காடு ஏரி ரோட்டில் என் குரலைக் கேட்காதவன் செவிடனாகத்தான் இருக்க வேண்டும். கோடை விழா நாட்களில் படகுத்துறையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஏரி வளைவில் மேஜை போட்டு, மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பவன் நான்தான். அமீர் ஜான். "அன்பார்ந்த பொதுமக்களின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் பஜ்ஜி தின்கிற வாய்கூட ஒரு நொடி நிற்கும். ஆனால் மைக்கை வைத்துவிட்டு அதே ரோட்டில் நடந்து போனால் ஒருத்தன் திரும்பிப் பார்க்க மாட்டான். குரலை எல்லோருக்கும் தெரியும், ஆளை ஒருத்தருக்கும் தெரியாது. பழகிவிட்டது என்று சொன்னால் பொய். பழகவில்லை.

சாயங்காலம் ஆனால் அந்த ரோட்டைப் பார்க்க வேண்டுமே! சேலத்திலிருந்து ஸ்பெஷல் பஸ் ஒன்று மாற்றி ஒன்று வந்து ஆட்களைக் கொட்டும். கீழே வெயிலில் வெந்தவர்கள் இங்கே வந்து இல்லாத குளிருக்கு மங்கி குல்லா வாங்கி மாட்டிக்கொள்வார்கள். குதிரைக்காரர்கள் வழிவிடச் சொல்லிக் கத்துவார்கள். கலர் பல்பு மாலை, பலூன், சிக்கந்தர் பஜ்ஜிக் கடையின் எண்ணெய்ப் புகை, கையைக் கோத்துக்கொண்டு நடக்கிற புதுப் பெண்டாட்டி புருஷன்கள். இத்தனைக்கும் நடுவில் பெற்ற பிள்ளையைத் தொலைத்துவிட்டு என் மேஜைக்கு ஓடி வருவார்கள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "குதிரைய வேடிக்கை பாக்கத் தெரியுது, புள்ள கையப் பிடிக்கத் தெரியலையா?" என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மைக்கை எடுப்பேன். என் வாய் அப்படி.

கிடைத்த பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கடைகள் சாத்தியதும் நான் சிக்கந்தர் கடைக்குப் பின்னால் இருக்கிற என் அறைக்குப் போவேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பேச ஆள் கிடையாது. என் வீட்டுக்காரி ரஹமத் பீவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த அறையில் என் தொண்டைக்கு வேலையே இல்லை.

எண்பத்தாறாம் வருஷம் என்று நினைக்கிறேன். விழா முடிவதற்கு முந்தின நாள் ஒரு அம்மாள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். பார்த்த முகம்தான். ரோட்டோரம் கூடையில் பலாச்சுளை வைத்து விற்கிற வெள்ளையம்மாள். தலைச்சோலை என்கிற மலைக் கிராமத்துக்காரி.

"ஏனுங்க பாய், ஒரு புள்ளையக் கூப்புடோணுமுங்க."

"பேரச் சொல்லும்மா."

"பேரு சொல்ல மாட்டனுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பேர் சொல்லாம என்னன்னு கூப்பிடறது? ஏ புள்ள, வான்னு சொன்னா இந்த ரோட்ல இருக்கற அத்தனை புள்ளையும் என் தலை மேல வந்து உக்காரும். போம்மா, போய் யாவாரத்தப் பாரு."

போய்விட்டாள். மறுநாள் விளக்குப் போடுகிற நேரத்துக்கு மறுபடியும் வந்தாள். வாழையிலைக் கிழிசலில் நாலு பலாச்சுளை வைத்து மேஜை ஓரத்தில் தள்ளினாள். "என்னம்மா, லஞ்சமா?" என்று கேலியாகத்தான் கேட்டேன். அழ ஆரம்பித்துவிட்டாள். கத்துகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். அழுகிறவர்களிடம் நான் செல்லாக்காசு. ஆம்ப்ளிஃபையர் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"எம் மகளுங்க. காப்பி மூட்டை ஏத்த வந்த லாரிக்காரப் பையனோட போயிட்டா, நாலு வருசமாச்சு. அவங்கப்பன் தலை முழுகிட்டாருங்க. இனி இந்த ஊட்ல அவ பேர எடுக்கப்படாதுன்னு என்னையக் கோயிலுக்கே கூட்டிட்டுப் போயி, சேர்வராயன் மேல சத்தியம் வாங்கிப்போட்டாருங்க."

மலைக்காரர்கள் தங்கள் சாமி சேர்வராயன் மேல் செய்த சத்தியத்தை மீறி நான் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செத்தாலும் சாவார்கள்.

"சரி, அந்தப் புள்ள இங்க எதுக்கு வருது?"

"போன சீசன்ல இந்த ரோட்ல பாத்தாங்களாமுங்க, இடுப்புல ஒரு கொளந்தையோட. அதுக்குத்தானுங்க நா கூடையத் தூக்கிட்டு வந்து உக்காந்துக்கறது. மூஞ்சி மூஞ்சியாப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. இந்தக் கலர் வெளிச்சத்துல எல்லாப் புள்ளைங்களும் அவளாட்டவே இருக்குதுங்க. இன்னிக்கோட விழா முடியுது. இன்னிக்கு உட்டா இன்னொரு வருசமுங்க பாய்."

"சத்தியம் பண்ணிட்டு இப்ப கூப்பிடச் சொல்றியேம்மா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நாந்தானுங்களே சத்தியம் பண்ணுனேன். மைக்கு பண்ணலையே."

அடேயப்பா! எந்த வக்கீலுக்கு இது தோன்றும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் கூடை வைத்திருந்த இன்னொரு பழக்காரியைக் கூப்பிட்டுப் பேரைக் கேட்டேன். அவள் குனிந்து என் காதில் சொன்னாள். "தலைச்சோலை பொன்னுவேல் மகளுங்க. கண்ணாயி."

"உங்க ஊட்டுக்காரர் இப்ப எங்கம்மா இருக்காரு?" என்று வெள்ளையம்மாளைக் கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலதானுங்க. தெனமும் என்னையக் கூட்டிட்டுப் போக வருவாரு."

"அங்கயும் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருக்கேன், தெரியுமா?"

"தெரியுமுங்க. நொம்பக் கோவக்காரரு. கேட்டா என்னைய ஊட்ட உட்டே தொரத்திப்போடுவாரு. தொரத்துனாத் தொரத்தட்டும். அவ பேரு மட்டும் சொல்லுங்க. ஊரு பேரு, அப்பன் பேரு ஒண்ணும் வேண்டாம். ரோட்ல அந்தப் பேருல எத்தனையோ புள்ளைங்க இருக்கும்னு அவரு நெனச்சுக்கட்டும்."

நல்ல யோசனைதான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு மைக்கை எடுத்தேன்.

"அன்பார்ந்த பொதுமக்களின் கவனத்திற்கு. தலைச்சோலை பொன்னுவேல் மகள் கண்ணாயி..."

வாயை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது. வருஷக்கணக்காக இன்னார் மகன், இன்னார் மகள் என்றே கூப்பிட்டுப் பழகின நாக்கு. காதில் விழுந்தபடியே கொட்டிவிட்டது. வெள்ளையம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. பாதியில் நிறுத்தினாலும் வம்பு, முடித்தாலும் வம்பு. "உங்கள் தாயார் ஏரி வளைவில் மைக் மேஜை அருகே காத்திருக்கிறார்" என்று முடித்தேன். பஸ் ஸ்டாண்டு ஸ்பீக்கரிலும் அது கேட்டிருக்கும்.

"என்ன பாய் இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?" என்றாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கூட்டம் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எங்களை நோக்கி வந்தாள். வெள்ளையம்மாள் எழுந்தேவிட்டாள். வந்தவள் படகுத்துறைக்கு வழி கேட்டுவிட்டுப் போனாள்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒரு ஆள் ஜனங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. கேட்கவே வேண்டாம், பொன்னுவேல்தான். வெள்ளையம்மாள் குறுகிப்போய்ப் பெட்டியில் உட்கார்ந்தாள். அடிதடி என்றால் நடுவில் விழுவோம் என்று நான் மைக் ஸ்டாண்டைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றேன்.

மேஜை வரைக்கும் வந்தான். ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. பெண்டாட்டியைப் பார்த்தான்.

"வந்தாளா?"

நான் ஸ்டாண்டைக் கீழே வைத்தேன். வெள்ளையம்மாள் நிமிர்ந்து பார்த்து இல்லை என்று தலையாட்டினாள்.

அவன் என்னிடம் திரும்பினான். "எம் பேரச் சொல்லிப்போட்டீங்களே பாய். அடிக்கத்தான் கூப்புடறான்னு நெனச்சுக்கிட்டு வர மாட்டாளுங்க. கோவமில்லைன்னு சொல்லுங்க. அப்பனும் நிக்கறான்னு சொல்லுங்க."

"நான் சொன்னா எப்படிங்க நம்பும்? உங்க குரல் தெரியுமில்ல? நீங்களே சொல்லுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டான். ரோடு முழுக்க அவன் மூச்சு கேட்டது. பிறகு, "கண்ணாயி... கண்ணு... கோவமில்ல சாமி. ஊட்டுக்கு வா" என்றான். அவ்வளவுதான் வந்தது.

மங்கி குல்லா போட்ட ஒரு அம்மாள் பதறிக்கொண்டு வந்தாள். சேலத்துக்காரியாக இருக்க வேண்டும். "ஐயோ பாவம், குழந்தைக்கு எத்தனை வயசுங்க? என்ன கலர் கவுன்?" என்று கேட்டாள்.

பொன்னுவேலுக்கு வயசு தெரியவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தான். "ஆடி வந்தா இருவத்தி மூணுங்க" என்றாள் வெள்ளையம்மாள். "போறப்ப ஊதாக் கலர் சீலை கட்டியிருந்தா." அந்த அம்மாள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். நான் தடுக்கவில்லை. படகுத்துறைப் பக்கத்து விழா ஊஞ்சல் நின்றது. பலூன்காரன் போனான். சிக்கந்தர் அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் மூவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தான், யாரும் தொடவில்லை. சேலம் போகிற கடைசி ஸ்பெஷல் பஸ் வளைவில் மெதுவாகத் திரும்பியபோது பொன்னுவேல் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே பஸ் கூடவே போனான். தனியாகத் திரும்பி வந்தான்.

ரோட்டில் நாங்கள் மட்டும்தான். நான் ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். கூப்பிட ஒரு பேராவது இருக்கிறதே இவர்களுக்கு என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்வதில் வெட்கம் என்ன, பொறாமைதான்.

"நீயும் ஒருக்காக் கூப்புடு புள்ள" என்றான் பொன்னுவேல்.

"சத்தியம் பண்ணியிருக்கறனே."

"வாங்குனவன் நாந்தானே. சேர்வராயங்கிட்ட நா சொல்லிக்கறேன். கூப்புடு."

நான் அவசரமாக ஸ்விட்சுக்குக் கை நீட்டினேன். "வேண்டாமுங்க பாய்" என்றாள். எழுந்து ஏரிக் கரைக்குப் போனாள். இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக் காட்டில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டாள்.

"கண்ணாயீஈஈ..."

என் குழாய்கள் எட்டாத இடத்துக்கெல்லாம் அது போயிற்று. அக்கரையில் நாய் குரைத்தது. வெள்ளையம்மாள் கையை இறக்காமல், குரைப்பு அடங்கும் வரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு மூச்சை இழுத்து மறுபடியும் கூப்பிட்டாள்.