தண்ணீர் சுமந்த அமீர்

சரித்திரத்தைக் கதைபோலச் சொல்லிப் பேர் வாங்கிய கிருபாகரனுக்கு யாரைப் பார்த்தாலும் திருடனாகத்தான் தெரியும். அதற்குக் காரணமும் இருந்தது. அவர் புத்தகங்களை அப்படியே வாசித்து யூடியூபில் பிழைப்பு நடத்த ஒரு கூட்டமே இருந்தது. அவர்களைப் பிடிக்க ஒவ்வொரு புத்தகத்திலும் இல்லாத ஆள் ஒருவரை நுழைத்துவைப்பார். அந்தப் பெயரைச் சொன்னவன் கையும் களவுமாக மாட்டிக்கொள்வான். மனிதருக்கு அதில் அப்படியொரு குஷி. வாசகரையும் சேர்த்து ஏமாற்றுகிறோமே என்று ஒருநாளும் உறுத்தியதில்லை.

கடைசிப் புத்தகத்தில் அவர் நுழைத்த ஆள், பூந்தமல்லிச் சண்டையில் அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் சுமந்த அமீர்.

அந்த அமீரின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு, அயனம்பாக்கத்தில் கிருபாகரனின் ஃப்ளாட்டுக்கே ஒருவர் வந்துவிட்டார். பூந்தமல்லியில் தையல்கடை வைத்திருக்கும் மஸூத். கையில் ஸ்வீட் பாக்ஸ் வேறு. எந்தச் சேனல்காரன் அனுப்பிய ஆளோ என்று கிருபாகரன் அவர் சட்டைப்பையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமீர் உங்க வம்சம்னு யார் சொன்னாங்க பாய்?"

"யாரும் சொல்லல சார். எங்க கபுர்ஸ்தான்ல பேர் இல்லாத பழைய சமாதி ஒண்ணு கீது. நம்ம பெரியவரு, தண்ணி சொமந்தவருன்னு மட்டும் ஊட்ல சொல்வாங்க. பேரு உங்க புக்குலதான் கெட்ச்சுது. வெள்ளிக்கிழம தலமாட்டுல பேரு போட்டு மீசான் கல்லு வெக்கிறோம். நீங்க அவசியம் வரணும்."

இவர் சேனல்காரன் ஆள் இல்லை என்று கிருபாகரனுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரோ ஒருவரின் தலைமாட்டில் அவருடைய பொய் கல்லாக நிற்கும். உண்மையைச் சொன்னால், இத்தனை வருடம் எழுதியதில் எதைத்தான் ஊர் நம்பும்? பயமாக இருந்தது. ஆனாலும் இறந்தவர் விஷயத்தில் விளையாட மனம் வரவில்லை.

"மன்னிச்சுடுங்க பாய். அமீர்னு யாருமே இல்ல. நானா எழுதினது."

மஸூத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கிருபாகரன் எல்லாரையும் பார்க்கும் அதே பார்வை. பிறகு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"யாரு சார் மெரட்டுனாங்க?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல பாய்..."

"சொல்ல வேணாம் சார், புரியுது. எங்காளு பேர எடுத்துடச் சொல்லிக்கீறாங்க. நீங்க வர வேணாம். கல்ல நாங்களே வெச்சுக்கிறோம்."