நூற்றுக்கு முப்பத்தெட்டு

பிரசாதம் கொண்டுவந்திருக்கிறேன் என்று வாசல் போலீஸ்காரரிடம் பொய் சொல்லித்தான் மோகனப்ரியா அன்று காலை திருப்பதி விருந்தினர் மாளிகைக்குள் நுழைந்தாள். அவள் விதைப் பரிசோதனைக் கூடத்து அதிகாரி. விவசாய மந்திரியைப் பார்க்க மூன்று நாளாக அலைந்தும் நேரம் கிடைக்கவில்லை. கையிலிருந்த தட்டை மந்திரி செல்லியம்மாவின் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். ஈர மணல். அதில் வரிசையாக ஊன்றிய நூறு வேர்க்கடலை விதைகள்.

"பத்து நாள் ஆச்சு மேடம். முப்பத்தெட்டுதான் முளைச்சிருக்கு. குறைஞ்சது எழுபது வரணும்."

செல்லியம்மா ஒரு விதையைத் தோண்டி எடுத்து நசுக்கினாள். கொழகொழவென்று பிதுங்கியது. சிக்கு வாடை. பழைய காய் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விஜயபுரம் மண்டலத்தில் அவள் பிறந்த தெருவில் ஒருத்தருக்கும் அப்போது சொந்த நிலம் கிடையாது. எட்டு வயதிலிருந்தே அடுத்தவர் களத்தில் விதைக்காய் உடைத்துக் கூலி வாங்கியவள் அவள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஆறாம் நாளே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு தடவை ரிப்போர்ட் அனுப்பினேன். மேல போகவே இல்ல."

பதினோரு மணிக்குச் சித்தூரில் விழா. மாவட்டம் முழுவதற்குமான விதை வினியோகத்தை செல்லியம்மா தொடங்கி வைக்க வேண்டும். லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. மந்திரியின் சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் விஜயபுரத்துக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே மூட்டைகள் போய்விட்டன.

அப்போது சடகோபன் உள்ளே வந்தார். மாவட்டத்தில் கட்சியே அவர்தான். தெருவில் பத்தாவது தேறிய ஒரே பெண் என்று செல்லியம்மாவைத் தேடிப் பிடித்து தனித்தொகுதிப் பஞ்சாயத்தில் சர்பஞ்ச் என்ற ஊர்த் தலைவி ஆக்கியவர். பிறகு மண்டலத் தலைவர், இரண்டு முறை எம்.எல்.ஏ., போன வருஷம் மந்திரி. ஒவ்வொரு படியிலும் அவர் கை இருந்தது.

"இன்னும் கிளம்பலையா செல்லிம்மா?" என்றவர் தட்டைப் பார்த்தார். மோகனப்ரியாவை வெளியே போகச் சொன்னார்.

"அண்ணா, இந்த விதையைக் குடுக்க முடியாது."

"வானத்தப் பாத்தியா? மழை வந்துக்கினு இருக்கு. இப்போ விதை இல்லேன்னா நிலத்த உழுது வெச்சிருக்கற ரைத்துங்க செருப்பால அடிப்பாங்க. குடுத்துட்டா, முளைக்கலேன்னாலும் மழை ஏமாத்திட்சின்னு சொல்லிக்கலாம்."

"விதை குடுத்த கம்பெனி உங்க மச்சானுதுன்னு எனக்குத் தெரியும். ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போடச் சொன்னீங்க, போட்டேன்."

"போட்டது நீ." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஃபைல்ல என் பேரு எங்கயும் இல்ல. நல்லா யோசிச்சிட்டு வண்டியில ஏறு."

செல்லியம்மா ஏறினாள். சித்தூருக்குத்தான் கிளம்பினாள். மேடைக்குப் போய், ஏதாவது காரணம் சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டே போனாள். வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. சந்திரகிரி தாண்டும்போது போன் அடித்தது. ரங்கன். அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது விஜயபுரத்தில் ரெண்டு ஏக்கர்க்காரன்.

"செல்லி! நேத்து சாயந்திரம் நல்ல மழை. உழுதாச்சு. நீ குடுத்த வித்தனத்தத்தான் மொத்த ஊரும் வெதைச்சிக்கினு இருக்கோம்." பின்னால் டிராக்டர் இரைந்தது. அவன் குரலில் அத்தனை சந்தோஷம்.

"ரங்கா, நிறுத்து! போடாதே!"

"என்னா? கேக்கல!"

தொடர்பு அறுந்துவிட்டது. மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"வண்டியைத் திருப்பு. விஜயபுரம் போ."

முன் சீட்டிலிருந்த உதவியாளர் ஹரிபிரசாத் திரும்பிப் பார்த்தான். "மேடம், சித்தூர்ல எல்லாரும் வந்துட்டாங்க."

அவள் லெட்டர்பேடை மடியில் வைத்து எழுதினாள். வண்டிக் குலுக்கலில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. வினியோகத்தை உடனே நிறுத்தவும். முளைப்புத்திறன் முப்பத்தெட்டு சதவீதம். கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"போட்டோ எடுத்து எல்லா அதிகாரிக்கும் அனுப்பு. பத்திரிகைக்காரங்க குரூப்லயும் போடு."

"அனுப்பிட்டா திரும்ப எடுக்க முடியாது மேடம்."

"அதுக்குத்தான் அனுப்பச் சொல்றேன்."

ஹரிபிரசாத் அனுப்பினான். ரேணிகுண்டாவில் நெரிசல். புத்தூருக்கு முன்னால் கவிழ்ந்த லாரி ஒன்று பாதையை அடைத்திருந்தது. இருபது நிமிஷம் அங்கேயே நின்றார்கள். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் இன்னும் எத்தனை சால் மூடியிருப்பார்கள் என்றே அவள் மனசு ஓடியது. சடகோபனின் போன் ஏழு முறை அடித்தது. பிறகு விஜயவாடாவிலிருந்து, முதலமைச்சர் ஆபீஸிலிருந்து வந்தது. எடுத்தால் திரும்பச் சொல்வார்கள். சொன்னால் தான் திரும்பிவிடுவோமோ என்று அவளுக்கு பயமாக இருந்தது. எடுக்கவில்லை.

விஜயபுரம் போய்ச் சேரும்போது மணி ஒன்று. சிவந்த மண் முழுக்க டிராக்டர்கள். சேற்றில் மாட்டிய செருப்பை அப்படியே விட்டுவிட்டு ரங்கனின் டிராக்டருக்கு முன்னால் போய் நின்றாள். சத்தம் அடங்கியது. விதை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இது முளைக்காது ரங்கா. நூத்துக்கு முப்பத்தெட்டுதான் வரும். யாரும் போடாதீங்க."

"நீதானே குடுத்தே?"

"நான்தான். பரிசோதனை முடியறதுக்குள்ளயே கையெழுத்துப் போட்டேன். போடக்கூடாதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

யாரோ போனில் படம் எடுத்தார்கள். சந்தியா என்ற கூலிப்பெண் வரப்பைத் தாண்டி வந்து கூடையிலிருந்த விதையை அள்ளி செல்லியம்மாவின் முகத்தில் வீசினாள்.

"நாலு நாளா நகம் பேரக் காய் உடைச்சோம். இப்போ வந்து சொல்றியா?"

காவலுக்கு வந்த போலீஸ்காரர் முன்னால் பாய்ந்தார். செல்லியம்மா கையைக் காட்டி அவரைத் தடுத்தாள்.

"ஈரம் ரெண்டு நாள்தான் நிக்கும்" என்றான் ரங்கன். "வேற வித்தனம் குடுப்பியா?"

வழியிலேயே அவள் திருப்பதி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்திருந்தாள். "நூறு ஏக்கருக்குத்தான் இருக்கு. பாதி ஊருக்குக் கூட வராது. சாயந்திரம் வரைக்கும்தான் நான் மந்திரி. அதுக்குள்ள லாரி ஏத்திடறேன்."

"அப்போ மீதிப் பேரு?"

ஈரம் போவதற்குள் வந்தவரை வரட்டும் என்று ரங்கன் டிராக்டரைக் கிளப்பி, அவளைச் சுற்றிக்கொண்டு போய் மிச்ச நிலத்திலும் விதைத்தான். சிலர் நிறுத்தினார்கள். பலர் நிறுத்தவில்லை.

அவள் வரப்பில் நின்றபடியே ஒவ்வொரு அதிகாரியாகக் கூப்பிட்டாள். சிலர் எடுத்தார்கள். சிலர் அதற்குள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நாலே காலுக்குத் திருப்பதியில் லாரி கிளம்பியது. ஐந்தரைக்கு அவளை மந்திரி பதவியிலிருந்து நீக்கிய செய்தி டிவியில் ஓடியது. "லாரி எங்க இருக்கு?" என்று கேட்டாள். "புத்தூர் தாண்டிட்சி மேடம்" என்றான் ஹரிபிரசாத். அப்போதுதான் அவள் வரப்பிலேயே உட்கார்ந்தாள்.

அடுத்த பத்து நாளில் ரங்கனின் நிலம் சொறி பிடித்தது போல அங்கங்கே மட்டும் பச்சையானது. மோகனப்ரியாவை மாவட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கும் குடுபல்லிக்கு மாற்றினார்கள். சடகோபனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விசாரணைக் கமிட்டி வைத்தார்கள். விசாரிக்கப்பட்டது செல்லியம்மாவை மட்டும்தான்.

விசாரணைக்கு முந்தின வாரம் அவள் ரங்கன் வீட்டுக்குப் போனாள். அவன் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்: "சித்தூருக்கு வந்து நடந்ததைச் சொல்றியா?"

"உனக்காக வரமாட்டேன். என் கொல்லிக்காக, வீணாப்போன நிலத்துக்காக வரேன்."

பதினான்கு பேர் வந்தார்கள். கையெழுத்துப் போட நெருக்கியது யார் என்று விசாரணை அதிகாரி கேட்டபோது செல்லியம்மா சடகோபனின் பெயரைச் சொன்னாள். முன் வரிசையிலிருந்த சடகோபனின் வக்கீல் சிரித்தார்.

"ஆதாரம் இருக்கா?"

"இல்லை" என்றாள்.

அப்போது பின் வரிசையிலிருந்து மோகனப்ரியா எழுந்தாள். மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். தான் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டின் நகல்களையும், மேலே அனுப்ப வேண்டாம் என்று சடகோபனின் ஆபீஸிலிருந்து அவளுக்கு வந்த குறுஞ்செய்தியையும் மேஜைமேல் வைத்தாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். வக்கீல் வாய்தா கேட்டார். மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வெயில் சுட்டது. அடுத்த தேர்தலில் தனக்கு டிக்கெட் கிடையாது என்று செல்லியம்மாவுக்குத் தெரியும். எம்.எல்.ஏ. பதவி இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

"அடுத்த தடவ எத்தனை பேரு வருவீங்க?" என்று கேட்டாள்.

ரங்கன் மற்றவர்களைப் பார்த்தான். "நாங்க வரோம். முதல்ல அந்தப் பொண்ணுக்கு ஏதாவது துன்ன வாங்கிக் குடு. காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல போலக்குது."