இடது கை: ஆக்கியவர் வேறு

1.

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. அருங்காட்சியகத்தில் பதிவாளராக இருக்கும் என் சிநேகிதி, பேருந்துக்குக் காத்திருக்கும்போது சொன்னாள். முடிவில், "தயவுசெஞ்சு இதை எழுதிடாதே" என்றாள். கதை எழுதுகிறவளிடம் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் அதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தச் சுடுமண் பெண் பல வருடங்களாக வரவேற்பறையில் மௌனமாக..." வேண்டாம். சிலை எங்காவது பேசுமா?

2.

ஓர் அம்மா மகனோடு வந்தார். காலமான கணவர் சிற்பி. அவர் செய்த சிலையை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளம்பெண். இடது கை முழங்கால் மேல். அந்த இளம்பெண், வந்திருந்த அம்மாவேதான்.

"என்ன மதிப்பு போடுவீங்க?" என்றான் மகன்.

"அதை நாங்க சொல்லக்கூடாதுங்க" என்றாள் சிநேகிதி. " வாங்கிக்கிற இடமே விலையும் சொன்னா நல்லாவா இருக்கும்? வெளியிலேர்ந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார்."

(முதல் பிரதியில் மகனைப் பேராசைக்காரன் ஆக்கியிருந்தேன். அடித்துவிட்டேன். பணம்தான் வேண்டுமென்றால் விற்றிருப்பானே. அப்பா இருந்தவரை அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய தொகை ஒன்று அவர் பெயருக்கு நேரே ஏற வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.)

3.

மதிப்பீட்டாளர் சிலையைச் சுற்றி வந்தார். இடது கையருகே குனிந்தார். "இது மட்டும் நிறம் வேற மாதிரி இருக்கே?"

"வீடு மாத்தும்போது உடைஞ்சுடுச்சுங்க. அவர் போனதுக்கு அப்புறம். நான்தான் செஞ்சு, சுட்டு, ஒட்டினேன்."

"அம்மா, கொஞ்சம் சும்மா இரேன்!"

"ஏன்டா, கேட்கிறாரில்ல?"

"எதைப் பார்த்துச் செஞ்சீங்க?" என்றார் மதிப்பீட்டாளர்.

"என் கையைப் பார்த்துதான். வேற யார் கையைப் பார்க்கிறது?"

இருபது வயதுப் பெண்ணின் முழங்காலில் அறுபது வயதுக் கை. விரல் கணுக்கள் தடித்து, நரம்புகள் புடைத்து. அந்தக் கணத்தில் காலம் என்பது...

(இல்லை. அந்தக் கணத்தில் நடந்தது, மதிப்பு பாதியாகக் குறைந்தது.)

4.

சிக்கல் அதோடு தீரவில்லை. உடையாத சிலையின் பழைய புகைப்படம் இருந்தது. அம்மா செய்த கையை எடுத்துவிட்டு, படத்தைப் பார்த்துப் பழையபடி ஒன்று செய்யலாம் என்றார் அருங்காட்சியகத்தின் சீரமைப்பாளர். கொடைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டால் அம்மாவுக்கு எந்த உரிமையும் இல்லை. அருங்காட்சியகக் குழுதான் முடிவு செய்யும்.

"கையெழுத்துப் போட்டா இந்தக் கையை எடுத்துடுவீங்களாம்மா?" என்று சிநேகிதியிடம் கேட்டார் அம்மா.

"எடுக்கலாம். எடுக்க மாட்டோம்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

"அப்ப உங்களால என்னதான் முடியும்?"

"பதிவேட்டுல எழுத முடியும். சிலை: உங்க வீட்டுக்காரர். இடது கை: நீங்க. பழுது பார்த்தவர்னு போடமாட்டேன், ஆக்கியவர்னு போடுவேன். எடுக்கிறவங்க, ஒருத்தரோட படைப்பை எடுக்கிறோம்னு தெரிஞ்சே எடுக்கட்டும்."

இந்த இடத்தில் என் சிநேகிதியைப் பற்றி இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதி, அவள் திட்டுவாள் என்று கிழித்தேன். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் சொல்லவில்லை. கைக்காக ஒரு பொய் சொல்ல அந்த அம்மாவுக்கும் வாய் வரவில்லை. இப்படி இரண்டு பேர் ஒரே மேசையின் இரு பக்கம் உட்கார்ந்திருந்ததை நான் கற்பனையில்கூட உருவாக்கியிருக்க மாட்டேன்.

அம்மா பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கையெழுத்திட்டார்.

5.

குழு சண்டை போட்டது. பதிவைப் படித்த பிறகு இன்னும் பலமாகப் போட்டது. கடைசியில் கை தப்பியது. மதிப்பு, குறைந்தது குறைந்ததுதான்.

சிலையைக் காட்சிக்கு வைத்த அன்று மகன் வந்தான். பெயர்ப்பலகையில் அப்பாவின் பெயரைப் படித்தான். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், இடது கையை ஆக்கியவர் என்று அம்மாவின் பெயர். இரண்டு தரம் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவிடம் திரும்பி ஏதோ சொன்னான். சிநேகிதி தூரத்தில் இருந்தாள், காதில் விழவில்லை.

நான் அவனுக்காக நான்கு வசனங்கள் எழுதினேன். நான்கும் நாடகம். உங்களுக்கும் ஓர் அம்மா உண்டு. அவர் செய்த ஏதோ ஒன்றுக்கு அவர் பெயரை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கள்.