கடையில் கிடைக்காத வேகம்

பெட்டியைத் திறக்கும்போதே கொரினுக்கு என்னவோ உறுத்தியது. உள்ளே கணினிக்கான பதினாறு கோர் பிராசஸர், இன்னும் கடைக்கு வராதது. கேட்காமலே ஒரு மதர்போர்டையும் சேர்த்து அனுப்பியிருந்தது கம்பெனி. கொலம்பஸில் ஒரு சின்ன இணையதளத்துக்கு இவற்றைச் சோதித்து எழுதுவதுதான் அவள் பிழைப்பு. சாம்பிள் வருவது நின்றால் வேலையும் நின்றுவிடும்.

முதல் சோதனையிலேயே வேகம் எகிறியது. நம்ப முடியாமல் போர்டின் செட்டிங்குகளைத் துழாவினாள். பிராசஸர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். வரம்பைத் திரும்ப வைத்து ஓட்டினாள். போன வருடத்து பிராசஸரை விட ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான்.

"கடையில வாங்குறவனுக்கு எது வரும்?" என்று கேட்டார் தளத்தை நடத்தும் பாரட்.

"வரம்போட இருக்கறதுதான்."

"அப்ப அதையே எழுது. நாம என்ன அவங்க வீட்டு ஆளா?"

எழுதினாள். குறித்த நேரம் வரை மற்ற தளக்காரர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நேரம் வந்ததும் ஒன்றாக வெளியிட்டார்கள். மற்ற எல்லாத் தளங்களிலும் அந்த எகிறிய வேகம்தான். அவளுடைய வரைபடம் மட்டும் சூம்பிக் கிடந்தது. காரணத்தை மூன்றாம் பக்கத்தில் விளக்கியிருந்தாள். அதுவரை யார் படித்தார்கள்? கட்டுரைக்குக் கீழே வாசகர்களின் கேலிதான் கொட்டியது.

"இவகிட்ட எவன்டா சாம்பிள் குடுத்தான்?"

"எதிர்க் கம்பெனி நல்லா கவனிச்சிட்டாங்க போல!"

"அம்மா தாயே, கூலருக்கு அடியில இருக்கற பிளாஸ்டிக்கைப் பிரிச்சியா இல்லையா?"

கடைசிக் கேலிக்குத்தான் விருப்பங்கள் குவிந்தன. பிராசஸர் மேல் மாட்டும் கூலரில் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் விட்டுச் சூடேற்றி வேகத்தைக் கெடுப்பது கத்துக்குட்டிகள் செய்யும் தப்பு.

மதியம் பிராசஸர் கம்பெனியின் ட்ரெவர் போனில் கூப்பிட்டான். குரலில் தேன். "கோவமே இல்ல கொரின். அவசரத்துல யாருக்கும் நடக்கறதுதான். திருத்திட்டீங்கன்னா நாங்களும் மறந்துடுவோம்."

பாரட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மறுபடி சோதிச்சோம்னு ஒரு வரி போட்டுடு."

"நான் தப்பே பண்ணலையே! நேத்து நீங்கதானே எழுதச் சொன்னீங்க?"

"நேத்து நாம தனியா நிக்கலையேம்மா."

கொரின் தன் கையாலேயே வரம்பை எடுத்தாள். விசிறி அலறியது. புது வரைபடம் போட்டு, மூன்றாம் பக்கத்தை அழித்து, 'எங்கள் அமைப்பில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்' என்று மேலே எழுதினாள். தப்பை ஒத்துக்கொண்டாளே என்று நாலு பேர் பாராட்டினார்கள்.

பிராசஸர் கடைக்கு வந்த பிறகு ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவள் எழுத்தை நம்பி வாங்கினாராம். 'நீங்கள் காட்டிய வேகம் எனக்கு வரவில்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன்?'

மேஜையில் அடுத்த சாம்பிள் பெட்டி பிரிக்காமல் இருந்தது. கொரின் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். பிறகு பதில் தட்டினாள்: 'கூலருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிரித்தீர்களா?'