கம்பளத்தின் கீழ் காற்று

அன்று அந்த அரங்கில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு எவரும் தம் வாய்க்கு வந்தபடி கூட்டிக் குறைக்க வேண்டாம். மேடையில் கல்லூரித் தாளாளர், முதல்வர், கட்டடத்தை வடிவமைத்த என் மகள். முன்வரிசையில் விருந்தினர்கள், அவர்களோடு என் மறைந்த மனைவியின் தம்பி. அடுத்த வரிசைகளில் சூரிய மின்சாரமும் காற்றாலையும் படிக்க வந்த மாணவர்கள். பக்கச் சுவரோரம் நான், நின்றபடி. எனக்குப் பின்வரிசையில் இடம் காட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமில்லை.

மகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவாள். கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசுவாள். நிலத்துக்கடியில் குழாய்கள் பதித்திருக்கிறார்களாம். அவற்றில் குளிர்ந்து வரும் காற்று, அரங்கின் நடைபாதையில் உள்ள இரும்புச் சல்லடைகள் வழியே எழும்பும். சூடான காற்று உச்சிப் புகைபோக்கி வழியே வெளியேறும். ஏசி கிடையாது. கூரையில் விழும் வெயிலை வைத்தே இந்தக் கட்டடம் தன் காலில் நிற்கும் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவள் வேலையை ஏற்றிருந்தாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிடுவாள். அவள் வீட்டில் எத்தனை அறை என்று எனக்குத் தெரியாது. அந்த அரங்கில் எத்தனை சல்லடை என்று தெரியும்.

கட்டடத் திறப்பு விழா தொடங்கிய சிறிது நேரத்தில் எல்லோருக்கும் வியர்த்தது. அழைப்பிதழ்கள் விசிறிகளாயின. மச்சினன் எழுந்து என்னிடம் வந்தான்.

“என்ன அத்தான், காலேஜ் கட்டச் சொன்னா உங்க பொண்ணு அடுப்பு கட்டியிருக்கா?”

“கோட்டு போட்டுக்கிட்டு வந்தா வேகாம என்ன செய்யும்? போய் உட்காரு.”

“கோட்டைக் கழட்டிட்டேன், பாருங்க. இனி தோலைத்தான் கழட்டணும்.”

தாளாளர் மைக்கைப் பிடித்தார். “யாரும் கவலைப்படாதீங்க. நாளைக்கே ஏசி போடச் சொல்றேன். பரிசோதனையெல்லாம் லேப்போட இருக்கட்டும்.”

கூட்டம் கைதட்டியது. மகள் முதல்வரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவருடைய பதிலை மைக் எல்லோருக்கும் கேட்க வைத்துவிட்டது.

“விருந்தாளிங்க நடந்து வந்த கம்பளத்தை அவங்க முன்னாடியே உருவுறது மரியாதையா, அம்மா? எல்லாரும் போகட்டும்.”

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து மேடைப்படி வரை, சல்லடை ஒன்றுகூடத் தெரியாதபடி சிவப்புக் கம்பளம். மரியாதை செய்வதாக நினைத்து முதல்வர் அரங்கின் மூக்கைப் பொத்தியிருந்தார்.

ஏசி வந்தால் என் மகள் கொடுத்த வாக்கு பொய்யாகும். எங்கள் வீட்டில் கொடுத்த வாக்கு பொய்யானதில்லை.

மேடைப்படிக்கு முன்னால் போய் மண்டியிட்டேன். தாளாளர் பதறி இறங்கி வந்து கம்பளத்தின் மேலேயே நின்றார்.

“பெரியவரே, என்ன பண்றீங்க?”

“கொஞ்சம் காலை எடுங்க” என்றேன். எடுத்தார்.

பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே வாசல்வரை போனேன். உதவிக்கு ஒருவரும் எழவில்லை. ஒவ்வொரு சல்லடையும் திறக்கத் திறக்கக் கையில் குளிர்ச்சி பட்டது. விழா முடிவதற்குள் அழைப்பிதழ்கள் மடிக்குத் திரும்பிவிட்டன. மச்சினன் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டான். தாளாளர் நன்றியுரையில் ஏசியைப் பற்றி வாய் திறக்கவில்லை. முடிந்ததும் மகள் வந்தாள்.

“நீங்க ஏன்பா? ஆள் விட்டுச் செஞ்சிருக்கலாமே.”

“ஆள் யாரும் எழுந்திரிக்கலியே.”

“முட்டி வலிக்குதா?”

“இல்லை.”

வலித்தது.

“இருங்க, இவங்களை வழியனுப்பிட்டு வந்துடறேன்.”

காலியான அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஆள் அசைவு இல்லையென்றால் விளக்கை அணைத்துவிடும் கருவி அங்கே உண்டு. நான் நிமிர்ந்து, அசையாமல் உட்காருகிறவன். விளக்கு அணைந்தது. கையைத் தூக்கினேன், எரிந்தது. மறுபடி அணைந்தது. யாருமில்லாத இடத்தில் யாருக்கோ கை காட்டுவதுபோல் அதையே செய்துகொண்டிருந்தேன். பிறகு மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. தாளாளர் கூரையைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

“நேரமாகும்பா. வண்டி சொல்லியிருக்கேன், நீங்க கிளம்புங்க.”

கிளம்பினேன்.

மகளின் வேலையைக் காப்பாற்ற நான் தாளாளரின் காலில் விழுந்து கெஞ்சியதாக இப்போது உறவினரிடையே பேச்சு உலவுகிறது. நான் யார் காலிலும் விழவில்லை. கம்பளத்தைச் சுருட்டக் குனிந்தேன்.